ஆறு மாத வெயில் ஒரே தாளில்: நீலகிரியிலும் பழனிமலையிலும் தகரக் குவளைக் கேமரா வைக்கும் முறை

செல்போன் படம் நொடியில் நூறில் ஒரு பங்கைத்தான் எடுத்து வைத்துக்கொள்கிறது. இங்கே சொல்லப்போகும் கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஆறு மாதம். லென்ஸ் கிடையாது, பேட்டரி கிடையாது, டெவலப்பர் கிடையாது. ஒரு காலி பீர் கேன், அதில் ஊசித்துளை, உள்ளே ஒரு போட்டோ பேப்பர். மார்கழியில் மாட்டி ஆனியில் கழற்றினால், இடையில் வந்த ஒவ்வொரு நாளும் சூரியன் ஏறிய தடம் தாளில் கோடாக இருக்கும். மேகம் மூடிய நேரம் அந்தக் கோட்டில் வெட்டாகத் தெரியும்.

சோலார்கிராஃப் என்று இதற்குப் பெயர். 2000ஆம் ஆண்டையொட்டிப் போலந்திலிருந்து பரவிய முறை. செய்முறைக் குறிப்புகள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அநேகமாக எல்லாமே ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு எழுதியவை. ‘தெற்கு நோக்கி வையுங்கள், வில் வில்லாகக் கோடுகள் விழும்’ என்பார்கள். லண்டனுக்கு அது சரி. ஊட்டியில் அப்படி வைத்தால் ஆறு மாதம் வீண். திசை, ஈரம், குரங்கு ஆகிய மூன்றிலும் மலைக்கென்று தனிக் கணக்கு உண்டு.

தாளுக்குள் நடப்பது

கருப்புவெள்ளை போட்டோ பேப்பரின் மேல் ஜெலட்டினில் வெள்ளி உப்பு பூசியிருக்கிறது. வழக்கமான முறையில் ஒளி அதைத் தொட்டுவிட்டுப் போகும், டெவலப்பர்தான் படத்தை வெளியே கொண்டுவரும். இங்கே டெவலப்பருக்கு வேலையில்லை. நேர்வெயில் நாள்கணக்கில் படும்போது உப்பு தானாகவே உடைந்து நுண்ணிய வெள்ளித் துகளாகிறது, தாள் கண்ணெதிரே கருக்கிறது. துகளின் அளவைப் பொறுத்து அந்தக் கருமை பழுப்பாகவோ, ஊதாவாகவோ, செம்மண் நிறமாகவோ இருக்கும். சூரியன் போன தடம் அடர்ந்து கருக்கும். மலையும் மரமும் கட்டடமும் வெளிச்சத்தைப் பிரதிபலிப்பதால் மங்கலாகப் பதியும்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கருத்த இடம் மேலும் கருக்க மறுக்கும், ஏனென்றால் மேலே உண்டான வெள்ளியே அடியில் இருக்கும் உப்புக்குத் திரையாகிவிடுகிறது. ஆகவே தாள் எல்லா நாளையும் சமமாக எழுதிக்கொள்வதில்லை. முதல் வாரங்களுக்குச் சற்றே இடம் கூடுதல்.

குவளை

500 மில்லி பீர் கேன் சரியான அளவு: விட்டம் 66 மி.மீ., உயரம் 168 மி.மீ. 5×7 அங்குலத் தாள், அதாவது 127×178 மி.மீ., இதற்குள் வெட்டாமலே உட்காரும். கேனின் உட்சுற்று ஏறத்தாழ 207 மி.மீ. தாள் 178 போக மிச்சம் 29 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியில்தான் துளை வரவேண்டும். 330 மில்லி கேன்தான் கிடைத்தது என்றால் உயரம் 115தான். மேல்பக்கத்தை வெட்டியபின் தாளின் உயரத்தை 95 மி.மீ.க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதிகம் வரும் ஒல்லிக் கேன்கள் வேண்டாம். விட்டம் குறைந்தால் படம் சிறுத்துவிடும், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கேன் ஓப்பனரால் மேல் விளிம்பை எடுத்துவிட்டு, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். அலுமினிய விளிம்பு பிளேடு போன்றது, கையையும் கிழிக்கும், தாளையும் கிழிக்கும். உள்ளே கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். பீர் வாடை மிஞ்சினால் எறும்பு வரும். மூடிக்கு இன்னொரு கேனின் அடிப்பாகத்தை 5 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். இரண்டும் ஒரே விட்டம் என்பதால் நேராக ஏறாது. முதல் கேனின் வாயில் 1 செ.மீ. ஆழத்துக்கு எட்டுப் பத்து வெட்டு வெட்டி, லேசாக உள்ளே மடித்தால் மூடி மேலே ஏறி இறுகும்.

நடுவட்டம், கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் வைப்பதானால் கேனை மறந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் அது தாங்காது. 75 மி.மீ. பி.வி.சி. பைப்பில் 17 செ.மீ. துண்டு, இரண்டு பக்கமும் எண்ட் கேப். கீழ்மூடியைச் சால்வெண்டால் ஒட்டிவிடலாம், மேல்மூடியை ஒட்டாமல் டேப் மட்டும் சுற்றவேண்டும். பைப்பின் சுவரில் 8 மி.மீ. துளை போட்டு, ஊசித்துளையிட்ட அலுமினியத் துண்டை உள்பக்கமாக ஒட்டவேண்டும். வெள்ளை பைப் என்றால் ஒளி ஊடுருவும், வெளியே கருப்புப் பெயிண்ட் இரண்டு கோட்டு அடியுங்கள்.

துளை

படத்தின் கூர்மை இங்கேதான் தீர்மானமாகிறது. பெரிய துளை மங்கலாக்கும். மிகச் சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, அதுவும் மங்கலாக்கும். 66 மி.மீ. தூரத்துக்குப் பொருத்தமான அளவு 0.36 மி.மீ. விட்டம், 0.3இலிருந்து 0.4 வரை பரவாயில்லை. தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எஃப் எண்ணில் இது ஏறத்தாழ எஃப் 180. சாதாரண லென்ஸில் எஃப் 22தான் கடைசி என்பதை நினைத்துப் பாருங்கள்.

கேனின் சுவர் 0.1 மி.மீ. அளவே தடிமன் என்பதால் அதிலேயே நேராகத் துளையிடலாம். உள்ளே ஒரு மரத்துண்டை அணைகொடுத்து, கிடைப்பதில் மிக மெல்லிய தையல் ஊசியின் நுனியை வைத்து அழுத்தாமல் சுழற்றுங்கள். நுனி மட்டும் மறுபக்கம் எட்டிப்பார்த்தால் போதும். ஊசி முழுவதும் உள்ளே போய்விட்டால் துளை பெரிதாகிவிட்டது, அந்தக் கேன் போயிற்று. உள்பக்கம் எழும்பும் பிசிறை ஆயிரம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அதே நுனியால் மறுபடி ஒருமுறை தூசி எடுங்கள்.

அளவைக் கண்ணால் சொல்லமுடியாது. முதலில் ஒரு தனித் தகட்டில் துளையிட்டுப் பழகி, அதை ஸ்கேனரில் 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு புள்ளி 0.021 மி.மீ., ஆகவே 17 புள்ளி அகலம் வந்தால் 0.36. வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் ஊசி சாய்ந்திருக்கிறது.

உயரத்தில் எங்கே? கேனுக்குள் படம் தலைகீழாக விழும். வானம் தாளின் கீழ்ப்பாதியில், நிலம் மேல்பாதியில். நமக்கு வேண்டியது வானம், எனவே துளை நடுவுக்கு மேலே இருக்கவேண்டும். தாளின் அடிவிளிம்பிலிருந்து 85 மி.மீ. உயரத்தில் துளை வந்தால், தொடுவானத்துக்கு மேல் 52 டிகிரி வரை தெரியும், கீழே 32 டிகிரி.

தாள்

கடையில் ‘போட்டோ பேப்பர்’ என்று கேட்டால் இங்க்ஜெட் பிரிண்டருக்கான பளபளப்புத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் வெள்ளி உப்பு இல்லை. ஆறு மாதம் கழித்து வெளுத்த தாளாகவே திரும்பிவரும். இந்த ஒரு தவறில் வீணான கேன்களே அதிகம் என்று தோன்றுகிறது. கேட்கவேண்டியது கருப்புவெள்ளை இருட்டறைப் பேப்பர்: இல்ஃபோர்டு, ஃபோமா போன்ற பெயர்களில் வரும், பிளாஸ்டிக் பூச்சுள்ள ரகம். நார்த்தாள் ரகம் மலை ஈரத்தில் ஊறிச் சுருண்டுவிடும். பளபளப்பைவிட மங்கல் பரப்பு நல்லது. கேனுக்குள் ஒளி துள்ளித் தெறிப்பது குறையும்.

காலாவதியான பேப்பர் தாராளமாகப் போதும். டெவலப்பர் போடப்போவதில்லை என்பதால் பழைய தாளின் மூட்டம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. இருட்டறையை மூடிவிட்ட ஸ்டூடியோக்களில் பரணில் பெட்டி கிடக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். (பிலிமே தயாரித்த மாவட்டம் இது. ஊட்டி இந்துநகரில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ எக்ஸ்ரே பிலிம் ஒரு காலத்தில் நாடெங்கும் போனது.) கலர் லேபில் ரோலாக வரும் பேப்பரும் வெள்ளி உப்புத் தாள்தான், வேலை செய்யும். நிறம் மட்டும் கணிக்கமுடியாதபடி வரும்.

தாளைப் போடுவதற்கு முழு இருட்டு தேவையில்லை. ஜன்னலை மூடி, சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்ப் வெளிச்சத்தில் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடலாம். தாளின் பின்பக்கம் பென்சிலால் ‘மேல்’ என்றும், கேன் எண்ணும் மாட்டும் தேதியும் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடும். மருந்துப் பக்கம், அதாவது வெள்ளி உப்பு பூசிய பக்கம், உள்நோக்கி, இரண்டு ஓரமும் துளையின் இருபுறமும் சமதூரத்தில் நிற்கும்படி செருகுங்கள். எந்தப் பக்கம் மருந்து என்று தெரியாவிட்டால் ஓரத்தை உதட்டில் தொட்டுப் பாருங்கள், லேசாக ஒட்டுவதுதான் மருந்துப் பக்கம். துளைக்கு மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் துண்டு ஒன்றை ஒட்டி, நுனியை மடித்துவிடுங்கள். அதுதான் ஷட்டர்.

எந்தத் திசை

லண்டனில் டிசம்பர் உச்சிவெயில் 15 டிகிரி உயரத்தில் நிற்கிறது, ஜூனில் 62 டிகிரி. தெற்கு நோக்கிய கேனுக்குள் பெரும்பாலான மாதங்களின் வில்லும் முழுதாக அடங்கும். ஊட்டி 11.4 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் மிகத் தாழ்ந்து போகும் டிசம்பர் 21 அன்றே உச்சியில் 55 டிகிரி உயரம். நம் கேன் பார்ப்பது 52 வரைதான். மார்ச்சில் 78 டிகிரிக்கு மேல். ஏப்ரல் 20 வாக்கில் நேர் தலைக்கு மேல் வந்துவிட்டு, அதற்குப்பின் ஆகஸ்ட் 22, 23 வரை நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறது. கொடைக்கானலில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள். ஆகத் தெற்கு நோக்கிய கேனின் நடுவில் ஒரு கோடுகூட விழாது. ஓரங்களில் சிதைந்த கீறல்கள்தான் மிஞ்சும்.

எனவே கிழக்கு. இங்கே சூரியன் வில்லாக வளைவதில்லை, ஏணி வைத்ததுபோல ஏறுகிறது. தொடுவானத்தோடு அதன் பாதை ஏறத்தாழ 79 டிகிரி கோணம். லண்டனில் 38தான். சூரியன் உதிக்கும் இடம் ஜூன் 21இல் வடக்கிலிருந்து 66 டிகிரி, டிசம்பர் 21இல் 114 டிகிரி. இடையே 48 டிகிரி நகர்கிறது, நடுவில் சரியாகக் கிழக்கு. நம் 178 மி.மீ. தாள் கிடைமட்டத்தில் 155 டிகிரி வரை பார்க்கும், ஏனெனில் உருளைக்குள் தாளின் வளைவு கோணத்தை இரட்டிப்பாக்கி விரிக்கிறது. அந்த 48 டிகிரி தாளில் 55 மி.மீ. அகலம் பிடிக்கும். இரண்டு பக்கமும் மலைக்கும் மரத்துக்கும் இடம் இருக்கும். நடுவில் ஏறத்தாழ நிமிர்ந்த கோடுகளின் கற்றை, தலைப்பக்கம் லேசாக வலது சாய்ந்து நிற்கும். மூங்கில் தட்டியைச் சாய்த்து வைத்ததுபோல இருக்கும். ஐரோப்பிய வில்களைவிட இது அழகு என்றே சொல்வோம்.

செங்குத்தாக வைத்த கேன் காலை பத்து மணி வரையிலான ஏற்றத்தைப் பிடிக்கும், அதற்குமேல் சூரியன் சட்டத்தைத் தாண்டிவிடும். இன்னும் வேண்டுமானால் கேனை 20 டிகிரி பின்னால் சாய்க்கலாம், 72 டிகிரி வரை கிடைக்கும். விலை: தொடுவானம் கிண்ணம்போல வளைந்துவிடும். கோடுகள்தான் முக்கியம் என்றால் சாயுங்கள், இடம்தான் முக்கியம் என்றால் நிமிர்த்தி வையுங்கள். இரண்டும் ஒரே கேனில் கிடைக்காது. மேற்கு நோக்கியும் வைக்கலாம். ஆனால் மலையில் மதியத்துக்குமேல் மஞ்சு ஏறுவது வழக்கம், கோடுகள் துண்டு துண்டாகவே கிடைக்கும்.

திசைக்குச் செல்போன் காம்பஸ் போதும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வித்தியாசம் சொற்பம். ஆனால் இரும்புக் கிராதிக்குப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், இருபது டிகிரி தவறிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று கிழக்கில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு, அதை நோக்கித் துளையைத் திருப்புங்கள்.

எங்கே, எதில்

கிழக்கே திறந்த சரிவு வேண்டும். கோத்தகிரியிலிருந்து கோடநாடு வரை உள்ள விளிம்பு, குன்னூரின் சமவெளி பார்த்த சரிவுகள், கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கை ஒட்டிய பக்கம் எல்லாம் பொருத்தமான அமைப்பு. ஆனால் சுற்றுலா முனைகளில் வைக்காதீர்கள், ஒரு வாரம்கூடத் தங்காது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி எதையும் கட்டக்கூடாது. வெலிங்டன் ராணுவப் பகுதியையும் அருவங்காடு வெடிமருந்து ஆலைச் சுற்றையும் தவிர்க்கவேண்டும். கருப்பு டேப் சுற்றிய உருளையைக் கம்பத்தில் கட்டிவைத்தால் அங்கே என்ன நடக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. மற்ற இடங்களிலும் இடத்துக்குரியவரிடம் சொல்லிவிட்டு, ‘ஒளிப்படச் சோதனை. ஆபத்தில்லை. தொடவேண்டாம்’ என்று தமிழில் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுங்கள்.

உத்தமம் வீட்டு மொட்டைமாடித் தூண் அல்லது காங்கிரீட்டில் நட்ட இரும்புக் குழாய். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் கண்ணைக் கவரும், வேண்டாம். ஆடிக்காற்றில் ஆடும், ஆடினால் கோடு தடித்துப் பட்டையாகும். போதாததற்கு மழைக்குமுன் கிளை கழிப்பார்கள், உங்கள் கேனும் கிளையோடு போகும். இரண்டு இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கி, மேலே இரண்டு கேபிள் டை. கையால் திருக்கிப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது. ஆறு மாதத்தில் ஒருநாள் அரை டிகிரி திரும்பினாலும் மலை இரண்டு மலையாகிவிடும்.

குரங்குக்குப் பளபளப்பான கேன் என்றால் தின்பண்டம். வெளியே மங்கலான பச்சை அல்லது பழுப்புப் பெயிண்ட் அடித்து, கைப்பிடி இல்லாத சுவர்ப்பகுதியில் மாட்டுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை கம்பத்தில் உடம்பைத் தேய்க்கும், இரண்டரை மீட்டருக்குமேல் இருந்தால் பிழைக்கும்.

ஈரம்

கேன் மூச்சுவிடுகிறது. இரவு பனியில் இரண்டு மூன்று டிகிரிக்குக் குளிர்ந்து பகலில் இருபதைத் தாண்டிச் சூடேறும்போது உள்காற்று ஏழு சதவீதம் அளவுக்கு விரிந்து துளைவழியே வெளியேறும். மாலையில் குளிரும்போது அதே அளவு ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஆறு மாதத்தில் இது நூற்றெண்பது முறை நடக்கிறது. உள்ளே நீர் கோக்கும், ஜெலட்டின் ஊதும், பூஞ்சணம் புள்ளிவைக்கும். சிலிகா ஜெல் பொட்டலம் போடுவது மனத் திருப்திக்குத்தான். முதல் மாதத்திலேயே நிறைந்துவிடும், பிறகு ஈரத்தைத் தானே திருப்பித்தரும்.

பலன் தருவது வடிகால். கேனின் அடியில், துளைக்கு நேர்க்கீழ் இடைவெளிப் பகுதியில், ஒரு மி.மீ. ஓட்டை போட்டு, உள்பக்கம் கருப்புத் துணித்துண்டை ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டித் திரையாக விடுங்கள். தண்ணீர் இறங்கும், ஒளி ஏறாது. மூடிச் சந்தில் இன்சுலேஷன் டேப்பை அரை அகலம் மேல்படிய மூன்று சுற்று, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓட்டு வேய்வதுபோல மேல்சுற்று கீழ்ச்சுற்றின்மேல் படியவேண்டும். டேப் வெயிலில் பசையிளகி நழுவும், அதனால் அதற்குமேல் ஒரு கேபிள் டை. துளைக்கு 1 செ.மீ. மேலே, அரை செ.மீ. நீட்டிய சிறு தகட்டுக் கூரை ஒட்டலாம். அது 63 டிகிரிக்கு மேலேதான் மறைக்கும், நிமிர்ந்த கேனுக்கு நட்டமில்லை. பின்னால் சாய்த்த கேனில் ஒட்டாதீர்கள்.

மழைக்குப்பின் துளையிலேயே ஒரு சொட்டு நிற்பதுண்டு. இத்தனை சிறிய ஓட்டையை நீர் தானாக விடாது. வெயில் வந்தபின்னும் அது காயும்வரை படம் பதியாது. எனவே கோட்டில் உள்ள வெட்டு எல்லாம் மேகமென்று எண்ணிவிடவேண்டாம். சிலந்தி வலை, குளவியின் மண் இரண்டும் இதே வேலையைச் செய்யும். மாதம் ஒருமுறை தொடாமல் எட்ட நின்று துளையைப் பாருங்கள், அடைத்திருந்தால் மட்டும் ஈர்க்குச்சியால் தட்டிவிடுங்கள்.

எப்போது

டிசம்பர் 21இலிருந்து ஜூன் 21 வரை, அல்லது அங்கிருந்து மறு டிசம்பர் வரை. இரண்டிலுமே சூரியன் முழு 48 டிகிரியையும் ஒருமுறை கடக்கும். முதல் அரையாண்டுதான் மலைக்கு உகந்தது: தை, மாசி, பங்குனியில் காலை வானம் பெரும்பாலும் தெளிவு. இரண்டாம் அரையாண்டில் மேற்கே தென்மேற்கு மழையும், ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு மழையும் வெட்டு வெட்டாக விழும். மழையைத்தான் பதிவு செய்யவேண்டும் என்றால் அதுவே சரியான பருவம்.

உத்தராயணம் தை முதல் நாள் என்பது நம் வழக்கு. ஆனால் தாளில் கோடு தெற்கெல்லையைத் தொட்டுத் திரும்புவது மார்கழி ஆறாம் தேதி வாக்கிலேயே. பஞ்சாங்கம் வகுத்த காலத்துக்குப் பிறகு பூமியின் அச்சு மெதுவாகத் தள்ளாடிவந்ததால் விழுந்த இடைவெளி இது. தைப் பொங்கலன்று மாட்டினால் முதல் மூன்று வாரக் கோடுகள் கிடைக்காது.

முதலில் மூன்று நாள் சோதனைக் கேன் ஒன்று வையுங்கள். நல்ல வெயிலில் ஒரே நாளிலேயே கோடு தெரியும். தாள் முழுவதும் ஒரே சீராகக் கருத்திருந்தால் மூடியில் ஒளி ஒழுகுகிறது. அதன்பின் நான்கைந்து கேன்களாக வையுங்கள். ஒன்றை மட்டும் நம்பிக் காத்திருப்பது பேராசை.

கழற்றிய பின்

டேப் ஷட்டரை மூடிவிட்டுக் கழற்றுங்கள். தாள் ஈரமாக இருந்தால் இருட்டு அலமாரியில் மருந்துப் பக்கம் மேலாக இரண்டு நாள் காயவிடுங்கள். ஹேர் டிரையர் காட்டினால் ஜெலட்டின் வெடிக்கும். சுவரோடு ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், கேனை வெட்டித் திறங்கள்.

ஸ்டூடியோ அனுபவம் உள்ளவர்களுக்குக் கை தானாக ஹைப்போவுக்கு, அதாவது படத்தை நிலைப்படுத்தும் கரைசலுக்கு, போகும். போடக்கூடாது. ஹைப்போ மிச்ச உப்பைக் கரைப்பதோடு இந்த மெல்லிய வெள்ளியையும் அரித்து, நிறத்தை எல்லாம் வெளிறவைத்துவிடும். ஆக இந்தப் படம் நிலைப்படுத்தப்படாதது, வெளிச்சம் பட்டால் இன்னும் கருத்துக்கொண்டே போகும். ஸ்கேனரின் விளக்குக்கூடக் கொஞ்சம் கருக்கவைக்கும். எனவே அதே அளவுள்ள வெற்றுத் தாளை வைத்து எல்லையைக் குறித்து, தானியங்கித் திருத்தங்களை அணைத்து, பிரிவ்யூ இல்லாமல் ஒரே ஓட்டத்தில் கலரில் ஸ்கேன் செய்யுங்கள். 1200 டி.பி.ஐ. என்றால் 8400×6000 புள்ளி.

ஜிம்ப் போன்ற மென்பொருளில் நிறங்களைத் தலைகீழாக்கினால் கருத்த கோடுகள் ஒளிக்கோடுகளாகும். ‘மேல்’ என்று எழுதிய பக்கம் மேலாக ஸ்கேன் செய்திருந்தால், படத்தை மேல்கீழாகப் புரட்டுவது மட்டும் போதும். 180 டிகிரி சுழற்றினால் இடம் வலம் மாறி, வடக்கு வலப்பக்கம் போய்விடும். இணையத்தில் இருக்கும் பல சோலார்கிராஃப்கள் இப்படி மாறியவைதான். கோட்டுக் கற்றையின் தலை இடது சாய்ந்திருந்தால் உங்கள் படமும் மாறியிருக்கிறது.

படத்தைப் படிப்பது

கோடுகள் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. மார்ச் 21 சுற்றில் சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி நகர்கிறது, தாளில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கோட்டின் தடிமனோ ஒரு மி.மீ. நெருங்கும். ஆகப் பக்கத்து நாள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியே இருக்கும், மேகநாள்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். டிசம்பர், ஜூன் எல்லைகளில் நகர்வு நின்றேவிடுவதால் வாரங்கள் ஒரே பட்டையாக உறையும். நாள்களைத் தனித்தனியாக எண்ணவேண்டுமானால் நான்கு லிட்டர் பெயிண்ட் டப்பா அளவுக்குப் போகவேண்டும்.

கொழுந்து பறிப்பவர்கள் தினமும் அந்தச் சரிவில் நின்றிருப்பார்கள், படத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். 1838இல் ஒளிப்பட முன்னோடி டாகர் பாரிஸ் தெரு ஒன்றை நிமிடக்கணக்கில் பதிவு செய்தபோதும் இதுவே நடந்தது. நடந்தவர்களும் வண்டிகளும் மறைந்து, ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். நம் கேனில் அவரும் மிஞ்சமாட்டார். ஆறு மாதத்தில் மூன்று மாதம் நின்ற கட்டடச் சாரம் பாதி கண்ணாடியாகத் தெரியும். கவாத்து வெட்டிய தேயிலைப் பாத்தி வெட்டுக்கு முன்னும் பின்னும் கலந்த ஒரு மங்கலாகும். படத்தில் ஆள் இல்லை என்பதால் அங்கே ஆள் இல்லை என்று சொல்லிவிடமுடியாது. அவர்கள் அங்கே நின்றது தாளைக் கருக்கவைக்கப் போதவில்லை, அவ்வளவுதான். இந்தப் படத்தைக் காட்சிக்கு வைப்பவர்கள் இதைக் குறிப்பில் எழுதுவது நல்லது.

நிறமும் அப்படியே. தலைகீழாக்கிய பின் வரும் நீலமும் செம்மையும் வெள்ளித் துகளின் அளவிலிருந்தும் ஸ்கேனரிலிருந்தும் வந்தவை. ‘விடியல் வண்ணம்’ என்று தலைப்பிடுவது பொய்.

இதற்கு நேரெதிரான வழியும் பழனிமலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904இலிருந்து தெளிந்த நாள்களிலெல்லாம் சூரியனைத் தனித்தனித் தகடுகளில் பதிவு செய்து வந்தார்கள். வானியலாளர் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளுக்குள் வாயு ஓடுவதைக் கண்டது அங்கேதான். நாளுக்கொரு தகடு என்பதால் இரண்டு நாளை எடுத்து ஒப்பிடமுடியும். நம் கேனில் ஒரு நாளை மட்டும் உருவி எடுக்கமுடியாது. ஆனால் அங்கும் சூரிய ஒளியைப் பிரித்து ஒரே நிறத்தில் எடுக்கும் நிறமாலைவழிச் சூரியப் படத்தை ஒரு மெல்லிய பிளவு வரிவரியாக நகர்ந்தே எழுதியது. ஒரே தகட்டின் ஒரு ஓரமும் மறு ஓரமும் ஒரே நொடியைச் சேர்ந்தவை இல்லை.

ஆறு மாதத்தில் கழற்றவேண்டும் என்று சட்டமில்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ரெஜினா வால்கன்பர்க் 2012இல் மாட்டி மறந்த பீர் கேன் ஒன்றை 2020இல் கழற்றியபோது, உள்ளே எட்டு ஆண்டுகளின் 2,953 தடங்கள் இருந்தன. இந்த மலை ஈரத்தில் கேன் அத்தனை நாள் நிற்காது. பி.வி.சி. பைப் என்றால் முயன்று பார்க்கலாம். ஸ்கேன் முடிந்த தாளை, பேப்பர் வந்த அதே கருப்பு உறையில் போட்டு, உறைமேல் இடம், திசை, சாய்வு, இரண்டு தேதிகள், துளையின் அளவு எல்லாம் எழுதிவையுங்கள். இரண்டாம் முறை வெளியே எடுக்கும்போது முதல் ஸ்கேனில் இருந்ததைவிடக் கொஞ்சம் கருத்தே இருக்கும்.